ஆசிரியர் குழு

அடுப்புக் கம்பெனியின் கடிதம் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. மின்னஞ்சல்தான், நான்கே வரி. உங்களிடம் உள்ள பெயரை வாங்க விரும்புகிறோம், விலை சொல்லுங்கள், எஸ்பென், விற்பனைப் பிரிவுத் தலைவர். பிரேபன் அதை நின்றபடியே படித்தான். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தான். பதினாறு வருடமாக அவன் காத்திருந்தது இந்த நான்கு வரிக்குத்தான்.

அவனிடம் எண்பத்தாறு டொமைன் பெயர்கள், அதாவது இணைய முகவரிகள், இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாதாரண டேனிஷ் சொல், பின்னால் ஒரு புள்ளி, நாட்டின் இரண்டு எழுத்து. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்தபோது, தொண்ணூற்றொன்பதில், வாங்க ஆரம்பித்தான். கூரை ஓடு. மிதிவண்டிச் சங்கிலி. ஈரச் சுவர். ஜனங்கள் சொல்லைத் தட்டிக்கொண்டு வருவார்கள், வாசலில் விளம்பரத்தோடு நாம் நின்றுகொண்டிருப்போம் என்று நினைத்தான். கொஞ்ச காலம் அப்படித்தான் நடந்தது. வேலையை விட்டான். பிறகு எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. பெயரைத் தட்டுவதை ஜனங்கள் விட்டுவிட்டார்கள். எண்பத்தைந்து பெயர்கள் செத்துப்போயின. குளிருக்கு வீட்டுக்குள் விறகு எரிக்கும் அடுப்பு, கணப்படுப்பு, அந்த ஒரு பெயருக்கு மட்டும் உயிர் இருந்தது. அதுவும் வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டிருந்தது. இன்று விற்றால் விலை கிடைக்கும். இன்னும் மூன்று வருடம் போனால் அதுவும் ஈரச் சுவர்தான்.

அதற்கு உயிர் இருந்ததற்குக் காரணம் யூட்டே.

விற்பதற்காக மட்டும் யாரும் பெயரைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். ஒருவர் புகார் கொடுத்து, இது வெறும் விற்பனைச் சரக்கு என்று டொமைன் புகார்களை விசாரிக்கும் வாரியத்துக்குத் தோன்றிவிட்டால் பெயர் கைவிட்டுப் போகும். அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தளம் வைத்துவிடுவார்கள். நாலு பக்கம், இரண்டு படம், எங்கிருந்தோ எடுத்த ஒரு கட்டுரை. காலி வீட்டு ஜன்னலில் திரைச்சீலை மாட்டுவது மாதிரி. தங்களுக்குள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். திரை போட்டாச்சா என்பார்கள்.

கணப்படுப்புக்கும் பிரேபன் திரை போடத்தான் சொன்னான். அப்போது யூட்டே அவன் மனைவி. புகைபோக்கி சுத்தம் செய்கிறவரின் அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கும் வேலை அவளுக்கு. அடுப்பைப் பற்றி ஜனங்கள் என்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். நாலு பக்கம் எழுதினாள். கடைசிப் பக்கத்தின் அடியில், கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று ஒரு கட்டம் வைத்தாள். முதல் வாரத்தில் மூன்று கேள்விகள் வந்தன. பதில் எழுதினாள். அதற்கப்புறம் நிறுத்தவில்லை.

பதினோரு வருடத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பதில்கள். காயாத விறகு. கண்ணாடியில் படியும் கரி. மேற்கிலிருந்து காற்றடித்தால் வீட்டுக்குள் திரும்பும் புகை. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் எழுதுவாள். இரண்டு நாளுக்கு மேல் யாரையும் காக்க வைத்ததில்லை. எந்தக் கம்பெனியையும் புகழ்ந்ததில்லை. பெரிய அடுப்பு வாங்காதீர்கள் என்று நூறு தடவையாவது எழுதியிருப்பாள்.

ஒவ்வொரு பதிலின் கீழும் ஆசிரியர் குழு என்று இருக்கும். அது பிரேபன் போட்டது. ஒரு பெண்ணின் பெயர் இருந்தால் வீட்டு விவகாரம் மாதிரி தெரியும், குழு என்றால் கனம் என்றான்.

"குழுவுல நான் ஒருத்தி. இன்னொருத்தர் யாரு, பூனையா?" என்று அன்றைக்கு அவள் சிரித்தாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் பிரிந்தார்கள். ஹாட்ஸ்டென் ஊருக்குப் பக்கத்தில் இருந்த வீடு அவளுக்கு, ராண்டர்ஸில் இந்த அடுக்குமாடி வீடு அவனுக்கு. கார், வங்கிச் சேமிப்பு, வேலி வெட்டும் கத்திரி வரைக்கும் காகிதத்தில் எழுதினார்கள். தளத்தை எழுதவில்லை. யூட்டே மறந்துவிட்டாள். பிரேபன் மறக்கவில்லை.

அவள் பாட்டுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். விளம்பரத்தில் வந்த பணம் அவன் கணக்கில் விழுந்தது. அதில்தான் வாடகை, மற்ற எண்பத்தைந்து பெயர்களின் வருடக் கட்டணம், எல்லாம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவள் வீட்டு வாசலில் ஒரு லாரி பீச் மர விறகு இறக்கச் சொல்வான். அதைச் சம்பளம் என்று இரண்டு பேரும் சொன்னதில்லை.

எஸ்பெனை அன்று மத்தியானமே அவன் கூப்பிட்டான். குரலைக் கேட்டால் முப்பது வயதுக்கு மேல் இருக்காது.

"பேரு பிரமாதமான பேரு. எங்க முதலாளிக்குக் கண்ணு அதுமேலயே இருக்கு," என்றான் எஸ்பென். "ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அதுக்குப் பின்னாடி ஆயிரம் பக்கம் தொங்குதே, அதையும் நாங்க தலையில கட்டிக்கணுமா?"

"ஏன், அது நல்ல தளம்."

"நல்ல தளமா! எங்க பெரிய மாடலை ஒருத்தர் கேட்டிருக்காரு. அதை வாங்கறதுக்குப் பதிலா ஜன்னலைத் திறந்து வெச்சு காசைத் தூக்கி வெளில போடுங்கன்னு எழுதியிருக்கீங்க. முதலாளி அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்காரு. அன்புல இல்ல."

பிரேபன் சிரித்தான். எஸ்பென் சிரிக்கவில்லை.

"விலையும் விவரமும் எழுத்துல அனுப்புங்க. பேரு மட்டும்தான்னு தெளிவா இருக்கட்டும். மேல காட்டணும்," என்றான்.

பிரேபன் உடனே எழுதினான். நான்கு லட்சம் குரோனர். பிறகு, வந்த மீன் தூண்டிலை விட்டுப் போய்விடுமோ என்று பயந்து, இன்னும் ஆறு வரி சேர்த்தான். பெயர்தான் சொத்து. சரியான ஆள் வரும்வரை அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதிலுள்ள எழுத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது வெறும் திரைச்சீலை. என் முன்னாள் மனைவியின் பொழுதுபோக்கு. ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும். படித்துப் பார்த்தான், தெளிவாக இருந்தது. அனுப்பினான்.

மூன்று வாரம் பதில் இல்லை. இரண்டு தடவை கூப்பிட்டான். எஸ்பென் கூட்டத்தில் இருந்தான், பிறகு பயணத்தில் இருந்தான்.

நான்காவது வாரம் அரசாங்கக் கடிதங்கள் வரும் அவன் மின்பெட்டிக்கு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. அடுப்புக் கம்பெனி புகார் கொடுத்திருந்தது. கணப்படுப்பு என்ற பெயரை அதன் உரிமையாளர் விற்பனைக்காக மட்டுமே வைத்திருக்கிறார், ஆகவே அதை எங்களுக்கு மாற்றித் தர வேண்டும். இணைப்பு ஒன்று. திறந்தான். அவனுடைய ஆறு வரிகள்.

வேறு யாரோ எழுதியதைப் போல அதை அவன் படித்தான். இந்தத் தொழிலில் ஒவ்வொருவரும் புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவது ஒன்றுதான்: விலையை எழுத்தில் கொடுக்காதே. அவனும் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறான்.

பதில் கொடுக்க மூன்று வாரம் அவகாசம். தளம் உண்மையானது என்று காட்ட வேண்டும். அதைக் காட்டக்கூடிய ஆள் ஒருத்திதான். சனிக்கிழமை ஹாட்ஸ்டெனுக்குக் காரை எடுத்தான்.

யூட்டே கொட்டகைக்குப் பக்கத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். கையுறையைக் கழற்றவில்லை.

"லாரிக்காரன் நீயாவே ஆயிட்டியா?"

"சும்மா வந்தேன்."

"சும்மா வர ஆளா நீ. உள்ள வா. ஷூவக் கழட்டிட்டு வா."

அடுக்களை சூடாக இருந்தது. காபி ஊற்றினாள். கறுப்பு ரொட்டியும் ஈரல் பசையும் எடுத்து வைத்தாள். அவன் நாற்காலியில் பூனை படுத்திருந்தது. வேறு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஒரு சின்னச் சிக்கல்," என்றான். "ஒரு அடுப்புக் கம்பெனிக்கு நம்ம பேரு மேல ஆசை வந்திருச்சு. வாரியத்துல புகார் கொடுத்திருக்கான். தளமே பொய்யாம்."

"அப்படியா?"

"நீ எழுதினதையெல்லாம் பொய்ங்கறான், யூட்டே. பதினோரு வருஷம்."

"அநியாயமா இருக்கே."

"அதான் நானும் சொல்றேன். நீ ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தா போதும். எப்ப ஆரம்பிச்சே, எத்தனை பதில், யாரு யாரு நன்றி எழுதினாங்க. உன்கிட்ட அதெல்லாம் இருக்குமே."

"இருக்கு. ரெண்டு டப்பா நிறைய இருக்கு." அவள் ரொட்டியில் பசை தடவினாள். ஓரம் வரைக்கும் தடவினாள். "நீ விக்கப் பாத்தியா, பிரேபன்?"

"இல்ல."

"விலை எதுவும் சொல்லல?"

"அவன்தான் கேட்டான். நான் பிடி கொடுக்கல."

"நல்ல வேளை." அவள் ஒரு கடி கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். "அப்ப அந்தப் பொத்தான் எங்க இருக்கு?"

"எந்தப் பொத்தான்?"

"அழுத்தினா நான் போயிடுவேனே. அந்தப் பொத்தான்."

பிரேபன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"வாரியம் ஒரு பிரதியை, பதிவுல இருக்கற ஈமெயில் முகவரிக்கும் அனுப்புமாம்," என்றாள் யூட்டே. "பதிவுல நீ கேள்விப் பெட்டியோட முகவரியக் குடுத்திருக்கே. எண்பத்தாறு டொமைனுக்கு எண்பத்தாறு முகவரி, எதுல எதைக் குடுத்தோம்னு உனக்கே தெரியாது. போன புதன்கிழமை பெட்டியத் திறந்தேன். மூணு கேள்வி. ஒருத்தருக்கு அடுப்புக் கதவு சரியா மூடல. ஒருத்தருக்கு பிர்ச் விறகு வாங்கலாமான்னு சந்தேகம். மூணாவது உன் லெட்டர்."

"அது வியாபாரத்துக்காக எழுதினது."

"தெரியும்."

"அப்படித்தான் எழுதணும். வாங்கறவன் பயப்படறான்ல. நான் அப்படி நினைக்கல."

"பொழுதுபோக்குன்னு எழுதியிருந்தே. அதுல எனக்கு வருத்தமில்ல. பொழுது போச்சுதான். ஆனா விக்கப் பாத்தியான்னு இப்ப கேட்டேன் பாரு, அஞ்சு நிமிஷம் முன்னாடி. அதுக்காவது ஆமான்னு சொல்லியிருக்கலாம்."

அவன் பூனையைப் பார்த்தான். பூனை அவனைப் பார்க்கவில்லை.

"சரி. தப்புதான்," என்றான். "ஆனா இப்ப பேரு போச்சுன்னா ரெண்டு பேருக்கும்தான் போகும். உன் பதிலும் போகும். அதை யோசி. பெருசா வேண்டாம், ஒரு பக்கம் எழுதிக் கொடு."

"எழுதிட்டேனே."

"என்ன?"

"பெட்டிக்கு வந்த லெட்டருக்கு ரெண்டு நாளுக்குள்ள பதில் போடுவேன். உனக்குத் தெரியாதா?"

அவள் எழுந்து போய், வாரியத்துக்கு அனுப்பியதன் பிரதியை எடுத்து வந்தாள். அரைப் பக்கம்தான். கரியைப் பற்றியும் ஈர விறகைப் பற்றியும் எழுதும் அதே நடை.

பெயர் பிரேபனுடையது. பதில்கள் நான் எழுதியவை. அவை உண்மையானவை, கேட்டவர்களும் உண்மையானவர்கள், கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. பெயரை அவர் எதற்காக வைத்திருந்தார் என்று கேட்டால், அதை அவரே எழுதியிருக்கிறார். அவருடைய மனதில் இருப்பது அவருக்குத்தான் தெரியும். கீழே அவள் பெயர். யூட்டே, குடும்பப் பெயர், ஹாட்ஸ்டென்.

"என்னைக் கொன்னுட்டே," என்றான் பிரேபன்.

"கேட்டாங்க, சொன்னேன்."

"கடைசி ரெண்டு வரியை எடுத்திருக்கலாமே! அந்த ரெண்டு வரியாலதான் எல்லாம் போகப்போகுது."

"நீ உன்னோட ஆறு வரிய எடுத்திருக்கலாம்." அவன் தட்டில் இருந்த ரொட்டியை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். "வழியில சாப்பிட்டுக்கோ. விறகு பாதி இன்னும் வெளியில கெடக்கு, மழை வரும்போல இருக்கு."

பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பெயரை அடுப்புக் கம்பெனிக்கு மாற்ற வேண்டும். அதிலுள்ள பதில்கள் உண்மையான உழைப்பு என்பதை வாரியம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது உரிமையாளரின் உழைப்பு இல்லை, உரிமையாளர் அதற்கு மதிப்பும் வைக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். நான்கு லட்சமில்லை, நான்கு குரோனர்கூட இல்லை. வழக்குப் போடலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டுப் பிரேபன் அந்தப் பேச்சை விட்டான்.

பெயர் கைமாற இருபது நாள் இருந்தது. பதில்களைத் தன் கணினிக்கு இறக்கினான். இறக்கும்போது ஒன்றைப் படித்தான். பிறகு அடுத்ததை. பதினோரு வருடத்தில் அவன் பார்த்ததெல்லாம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்பதுதான். நான்கு நாள் படித்தான்.

ஒருத்தர் மகன் பிறந்த வருடம் வெட்டிய ஓக் மரத்தை எரிக்க மனசு வரவில்லை என்று எழுதியிருந்தார். எரிக்க வேண்டாம், அது சீக்கிரம் காயவும் காயாது, பெஞ்சு செய்யுங்கள் என்றிருந்தாள். ஒரு பெண், கணவர் செத்த பிறகு அடுப்பு மூட்ட வரவில்லை, எப்போதும் அவர்தான் மூட்டுவார் என்று எழுதியிருந்தாள். யூட்டே அதற்கு மூன்று பக்கம் எழுதியிருந்தாள். முழுக்க முழுக்கச் சுள்ளியைப் பற்றித்தான். எந்தக் கனத்தில், எப்படிக் குறுக்காக வைப்பது, எப்போது கதவைச் சாத்துவது. கடைசியில், மூட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள் என்று இருந்தது. அந்தப் பெண் எழுதியிருந்தாள்.

ஒருத்தருக்கு அடுப்புக்குள் இருக்கும் செங்கல் விரிசல் விட்டுவிட்டது, மாற்ற வேண்டுமா. துண்டுகள் இடத்தில் நிற்கும்வரை மாற்ற வேண்டாம் என்று பதில். தேதியைப் பார்த்தான். ஆறு வருடத்துக்கு முன், மே மாதம். அன்று காலையில்தான் இரண்டு பேரும் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

அவன் யூட்டேயைக் கூப்பிட்டான்.

"எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கேன். வேற பேர்ல போட்டுடலாம். என்கிட்ட எண்பத்தஞ்சு இருக்கு. உன் பேரையே போடறேன், ஒவ்வொண்ணு கீழயும்."

"எந்தப் பேர்ல? மிதிவண்டிச் சங்கிலிலயா?"

"புதுசா ஒண்ணு வாங்கறேன். நீ சொல்லு, எது வேணும்."

"எஸ்பென் கூப்பிட்டான்," என்றாள் யூட்டே.

"எதுக்கு?"

"அங்கயே எழுதச் சொல்றான். மாசச் சம்பளம். நான் சரின்னு சொல்லிட்டேன்."

"உன்கிட்டயிருந்து புடுங்கினவன்கிட்டயா?"

"என்கிட்டயிருந்து யாரு புடுங்கினாங்க? அது என்கிட்ட எப்ப இருந்தது?"

ஏப்ரலில் புதிய தளம் வந்தது. மேலே கம்பெனியின் சின்னம். பழைய பதில்களில் ஒன்றுகூட இல்லை. ஒரு மூலையில் கேள்விக் கட்டம், பக்கத்தில் யூட்டேயின் படம். கம்பெனிச் சட்டை போட்டிருந்தாள், முடியைச் சரிபண்ணியிருந்தார்கள். கீழே அவள் முழுப் பெயர்.

முதல் கேள்வி ஓடன்ஸ் ஊரிலிருந்து ஒரு இளம் தம்பதி கேட்டது. இருபது சதுர மீட்டர் அறைக்குப் பெரிய மாடல் வாங்கலாமா. பிரேபனுக்கு அடுப்பைப் பற்றி இப்போது கொஞ்சம் தெரியும். பதிலைப் படித்தான். பெரிய மாடல் அழகானது, மெதுவாக எரித்தால் சிறிய அறைக்கும் ஒத்துவரும், எங்கள் காட்சிக்கூடத்துக்கு வாருங்கள். மெதுவாக எரித்தால் கண்ணாடி கறுக்கும், புகைபோக்கியில் தார் படியும், ஒருநாள் பற்றிக்கொள்ளும் என்று அவள் நாற்பது இடத்திலாவது எழுதியிருந்தாள்.

அவன் கூப்பிட்டான். மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் யாரோ பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"அந்த ஓடன்ஸ் பதில் நீ எழுதினதா?"

"என் பேரு போட்டிருக்கே."

"பொய் சொல்லியிருக்கே, யூட்டே."

"பாதிப் பொய். முழுப் பொய் சொல்ற அளவுக்கு இவங்க சம்பளம் குடுக்கல."

"புகைபோக்கி பத்திக்கும். நீயே எழுதியிருக்கே."

"எங்க எழுதியிருக்கேன்? காட்டு பாக்கலாம்."

அவன் காட்டியிருக்க முடியும். எல்லாம் அவன் கணினியில் இருந்தது. ஆனால் அதை எந்தப் பெயரில் போட்டாலும் யாரும் வரப்போவதில்லை என்று அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"படிச்சேன்," என்றான். "எல்லாத்தையும். பிப்ரவரில, நாலு நாள் உக்காந்து."

"ஓ."

"நல்லா எழுதியிருக்கே."

"தெரியும்," என்றாள் யூட்டே. பிறகு, காட்சிக்கூடத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.